ரெக்கார்டு காஸ்ட்லி, சவுண்டு மொக்கை... குறை எங்கே? ஊசிக்கும் ஆம்புக்கும் நடுவுல!

இன்ஸ்டாவைத் திறந்தால் இந்த ரீல் எப்படியும் கண்ணில் படும். சூட்கேஸ் மாதிரி மடங்கும் குட்டி பிளேயர், அதன்மேல் சுற்றும் கலர் ரெக்கார்டு, பக்கத்தில் டபரா செட்டில் காபி, ஜன்னலுக்கு வெளியே மழை. கேப்ஷனில் 'வினைல் வைப்ஸ்'. ஆனால், பின்னணியில் கேட்கிற பாட்டு அந்த ரெக்கார்டிலிருந்து வருவதே இல்லை. ஆப்பில் தேடி ஒட்டின ஆடியோ!

'எல்லாம் சும்மா சீன்' என்று இதை ஒதுக்கிவிடவும் முடியாது. நம்பர்கள் வேற மாதிரி இருக்கின்றன. அமெரிக்காவின் ரெக்கார்டிங் துறைச் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ கணக்குப்படி, 2022-ல் வினைல் ரெக்கார்டுகள் எண்ணிக்கையில் சி.டி-யை முந்தின. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல்முறை. 2023-ல் அங்கே விற்ற வினைல் 4.3 கோடி, சி.டி 3.7 கோடி. வினைல் வருமானம் மட்டும் 140 கோடி டாலர். 2024 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்ட்டின் 'தி டார்ச்சர்டு போயட்ஸ் டிபார்ட்மென்ட்' வெளியான முதல் வாரத்திலேயே அமெரிக்காவில் எட்டரை லட்சத்துக்கும் மேல் வினைல் விற்றது. ஒரே ஆல்பம், பல கலர், பல கவர்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கு. லூமினேட் என்ற இசைத் தரவு நிறுவனம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வினைல் வாங்குகிறவர்களில் சுமார் 50 சதவிகிதம் பேரிடம்தான் பிளேயர் இருந்தது. மீதிப் பாதிப்பேருக்கு ரெக்கார்டு என்பது ஆர்ட்டிஸ்ட் மேல் இருக்கும் அன்புக்கு ஒரு சாட்சி. சுவரில் மாட்டும் போஸ்டர் மாதிரி. அதில் தப்பொன்றும் இல்லை.

பிரச்னை, வாங்கின ரெக்கார்டை நிஜமாகவே ஓட்டிக் கேட்கிற அந்த மற்ற பாதிக்குத்தான். மூவாயிரம், நாலாயிரம் கொடுத்து இம்போர்ட்டட் எல்.பி வாங்கியாச்சு. ஆசையாக ஊசியை இறக்கினால் ஒண்ணு, சத்தமே கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இல்லைன்னா பாடகர் 'ச', 'ஸ' சொல்லும்போதெல்லாம் காதில் பிளேடு. 'இதுக்கா இவ்ளோ பில்டப்பு... ஸ்பாட்டிஃபையே பெட்டர்' என்று சிலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் 'பிளேயர் சரியில்லை' என்று இருமடங்கு விலையில் வேறொரு டர்ன்டேபிள் வாங்கி, அதே கார்ட்ரிட்ஜையும் அதே ஆம்ப்பையும் மாட்டி, அதே சத்தத்தைக் கேட்கிறார்கள்.

ரெண்டு கோஷ்டியும் பார்க்காமல் விடுவது நடுவில் இருக்கும் ஒரு ஜோடியை. ஊசி மாட்டியிருக்கும் கார்ட்ரிட்ஜ், அதன் சிக்னலைத் தூக்கிவிடும் போனோ ப்ரீஆம்ப். இந்த ரெண்டுக்கும் பொருத்தம் சரியில்லை என்றால், மற்றதெல்லாம் எவ்வளவு காஸ்ட்லியாக இருந்தாலும் வேஸ்ட்.

எவ்ளோ சின்ன சிக்னல் தெரியுமா?

ரெக்கார்டின் பள்ளத்தில் ஊசி அசைகிறது. ஊசிக்குப் பின்னால் இருக்கும் குட்டிக் காந்தமும் கூடவே அசைகிறது. பக்கத்தில் இருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் பிறக்கிறது. இதுதான் மூவிங் மேக்னெட், சுருக்கமாக எம்.எம். காந்தத்துக்குப் பதிலாகச் சுருளே அசைந்தால் அது மூவிங் காயில், எம்.சி. டைனமோ தத்துவம்தான், சைஸ் மட்டும் கடுகு.

வருகிற வோல்டேஜும் கடுகுதான். பலரும் வாங்கும் ஆடியோ-டெக்னிகா வி.எம்.95இ கார்ட்ரிட்ஜ் கொடுப்பது 4 மில்லிவோல்ட். ஜப்பானின் டெனான் டி.எல்-103 என்கிற பழம்பெரும் எம்.சி கார்ட்ரிட்ஜ் தருவது வெறும் 0.3 மில்லிவோல்ட். ஒரு சி.டி பிளேயர் அதிகபட்சமாகத் தருவது 2 வோல்ட். அதாவது முதலாவது 500 மடங்கு சின்னது. இரண்டாவது ஆறாயிரம் மடங்குக்கும் மேல் சின்னது. ஆகவே, ஊசியிலிருந்து வரும் வயரை நேராக ப்ளூடூத் ஸ்பீக்கரின் ஆக்ஸ் ஓட்டையில் செருகினால் கொசு பாடுகிற மாதிரி இருப்பதில் ஆச்சர்யமே இல்லை.

சத்தத்தைக் கூட்டுவது மட்டும்தான் ப்ரீஆம்ப்பின் வேலை என்று நினைத்தால், அது பாதி வேலைதான். ரெக்கார்டில் பதிவாகியிருக்கும் ஒலி, வேண்டுமென்றே மாற்றப்பட்ட ஒலி. பேஸ் சத்தத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் பாம்பு மாதிரி அகலமாக வளைந்து பக்கத்துப் பள்ளத்தில் போய் மோதும். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் பாட்டைச் சேர்க்க முடியாது. அதனால் பேஸைக் குறைத்து, கூர்மையான ஹை ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது இதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். ஹையைக் குறைக்கும்போது ரெக்கார்டின் கரகரப்பும் கூடவே குறையும், அது போனஸ். 1954-லிருந்து ஆர்.ஐ.ஏ.ஏ கர்வ் என்ற பெயரில் இதற்கு ஒரு பொது அளவு இருக்கிறது. நடுத்தர ஒலியோடு ஒப்பிட்டால், 20 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கூட்டல், 20,000 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் கழித்தல். ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். லாக் ஃபார்மேட்டில் எடுத்த வீடியோ வெளிறிப்போய் இருக்கும்ல? கலர் கிரேடிங் பண்ணினால்தான் உயிர் வரும். அந்த மாதிரி.

இங்கேதான் முதல் சொதப்பல் நடக்கும். இப்போது வரும் பட்ஜெட் டர்ன்டேபிள்கள் பலவற்றில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் 'போனோ', 'லைன்' என்று ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும். அதை 'லைன்'-ல் வைத்துவிட்டு, ஆம்ப்பின் 'போனோ' ஓட்டையில் வயரைச் செருகினால் ரெண்டு தடவை கிரேடிங் பண்ணின கதை. பேஸ் குமுறும், சத்தம் உடையும். வெளியே தனி ப்ரீஆம்ப் அல்லது ஆம்ப்பில் போனோ ஓட்டை இருந்தால் ஸ்விட்ச் 'போனோ'-வில், இல்லையென்றால் 'லைன்'-ல். பைசா செலவில்லாத இந்த ஒரு திருத்தத்தில் பாதிப் பேரின் கம்ப்ளெயின்ட் தீர்ந்துவிடும்.

மடங்குக் கணக்கு

ப்ரீஆம்ப் பெட்டிமேல் '40 டெசிபல்' என்று போட்டிருந்தால் 100 மடங்கு தூக்கும். '60 டெசிபல்' என்றால் 1,000 மடங்கு. ஆம்ப்புக்குத் தேவை சுமார் 0.3 வோல்ட். இனிமேல் கணக்கு உங்க கையில். 4 மில்லிவோல்ட் எம்.எம்-ஐ 100 மடங்கு தூக்கினால் 0.4 வோல்ட், ஓகே. டி.எல்-103-ஐ அதே 100 மடங்கு தூக்கினால் 0.03 வோல்ட்தான். வால்யூமை முழுசாகத் திருகுவீங்க. பாட்டோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். அதுக்கு 60 டெசிபல் வேண்டும். தலைகீழாகவும் தப்பு நடக்கும். டென்மார்க்கின் ஆர்ட்டஃபோன் 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட். ப்ரீஆம்ப்பின் ஸ்விட்ச் தெரியாமல் எம்.சி-யில் இருந்தால் ஐந்தரை வோல்ட் வரப் பார்க்கும். டிரம்ஸ் விழும் இடமெல்லாம் கிழியும்.

இதுவரை சொன்னது கடைக்காரர்கள்கூடச் சொல்வதுதான். சொல்லாத இடம் இனிமேல்தான்.

எம்.எம் கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது வரும் துண்டுச்சீட்டில் ரெண்டு நம்பர் இருக்கும். ஒன்று 47 கிலோஓம். இது ஏறக்குறைய எல்லா எம்.எம் ப்ரீஆம்ப்பிலும் அப்படியே இருப்பதால் கவலை வேண்டாம். இன்னொன்று கெப்பாசிட்டன்ஸ், பிகோஃபாரட் கணக்கில். வி.எம்.95இ-க்குக் கம்பெனி சொல்வது 100 முதல் 200. 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300. இந்த நம்பரை யாரும் பார்ப்பதே இல்லை. ஆனால், எம்.எம் கார்ட்ரிட்ஜின் குணத்தையே மாற்றுவது இதுதான்.

காரணம் இதுதான். கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சுருள் ஒரு இண்டக்டர். வயரும் ப்ரீஆம்ப்பும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும். ரெண்டும் சேர்ந்தால் ஏதோ ஓர் அதிர்வெண்ணில் ரெசனன்ஸ் வரும். ப்ளஸ் டூ ஃபிசிக்ஸில் படித்த அதே ஃபார்முலாதான். வி.எம்.95இ-யின் இண்டக்டன்ஸ் 550 மில்லிஹென்றி. மொத்த கெப்பாசிட்டன்ஸ் 150 பிகோஃபாரட் என்றால் ரெசனன்ஸ் ஏறத்தாழ 17,500 ஹெர்ட்ஸில் விழும். நம்மில் பல பேர் காதுக்கு எட்டாத உயரம். அதே 400 பிகோஃபாரட் ஆனால்? ஏறத்தாழ 10,700 ஹெர்ட்ஸ். அதற்குக் கொஞ்சம் கீழே இரண்டு, மூன்று டெசிபல் அளவுக்கு ஒரு மேடு எழும். சிம்பல் ஒலியும், 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளின் கூர்மையும் வாழ்வது அந்த ஏரியாவில்தான். மேடு தாண்டியதும் செங்குத்தாகச் சரிவு. ஆக, ஒரே நேரத்தில் காதைக் குத்தவும் செய்யும், காற்றோட்டம் இல்லாத மாதிரியும் இருக்கும்.

400 எப்படி வரும் என்று கேட்கலாம். ரொம்ப ஈஸி. ப்ரீஆம்ப்புக்குள் 200, டோன்ஆர்ம் வயரில் கொஞ்சம், அப்புறம் 'நீளமா இருந்தா வசதி' என்று வாங்கின ரெண்டு மீட்டர் ஆர்.சி.ஏ கேபிள். கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட்டை ஒட்டிச் சேர்க்கும். சிலது இன்னும் அதிகம். ப்ரீஆம்ப்பில் 100 அல்லது அதற்குக் கீழே தேர்வு செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்க. கேபிளைக் குட்டையாக வைங்க. தங்கமுலாம் பூசின பின்னுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, ஒரு மீட்டரைக் குறைப்பது காதுக்குத் தெரியும். தங்கமுலாம் பின்னுக்குத் துரு பிடிக்காது. அவ்ளோதான் அதன் மகிமை.

இதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 'வினைல்னா ஒரு வார்ம்த் இருக்கும் ப்ரோ' என்று சொல்கிறோமே, அதில் எவ்வளவு ரெக்கார்டுடையது, எவ்வளவு இந்தப் பொருத்தக்கோளாறுடையது? இன்றைக்கு வரும் புது ஆல்பங்களில் பெரும்பாலானவை டிஜிட்டலில் பதிவானவை. அந்த ஃபைலிலிருந்துதான் வினைலும் வெட்டப்படுகிறது. அளவீடுகளில் சி.டி-தான் மேலே. சத்தமில்லாத இடத்துக்கும் உச்ச சத்தத்துக்குமான தூரம் சி.டி-யில் 96 டெசிபல், வினைலில் 60, 70-ஐத் தாண்டுவது கஷ்டம். ஹை ஒலி சீக்கிரமே சரிந்துவிடும் ஒரு செட்டப்பில் கேட்டுவிட்டு அதையே 'அனலாக் மேஜிக்' என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியே பிடித்திருந்தால் கேளுங்க, யாரும் கேஸ் போடப் போவதில்லை. ஆனால், ரெக்கார்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமலே வினைல் நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு எழுதுவதில் அர்த்தமில்லை.

எம்.சி ஆட்களுக்கு இந்தக் கெப்பாசிட்டன்ஸ் தலைவலி அனேகமாக இல்லை, சுருள் அவ்வளவு சின்னது. அவர்கள் பார்க்க வேண்டியது ஓம் கணக்கு. கார்ட்ரிட்ஜின் உள் இம்பீடன்ஸைப்போல் சில மடங்கிலிருந்து பத்து மடங்கு வரை லோடு வைப்பது பொது வழக்கம். டி.எல்-103-க்கு உள்ளே 40 ஓம். கம்பெனி கேட்பது 100 ஓம் அல்லது அதற்கு மேல். முதல் செட்டப்புக்கு எம்.சி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஊசி தேய்ந்தால் எம்.எம்-ல் முன்பக்கத்தை மட்டும் உருவி மாற்றலாம். எம்.சி-யில் பெரும்பாலும் முழுசாகவே மாற்ற வேண்டும்.

காசை எங்கே போடுவது?

மார்க்கெட் இப்போது ரெக்கார்டை விற்கிறது, ஓட்டுகிற வழியைச் சொல்லித் தருவதில்லை. டெக்னிக்ஸ் 2010-ல் நிறுத்தின எஸ்.எல்-1200 டர்ன்டேபிளை 2016-ல் திரும்பக் கொண்டுவந்தது பெரிய நியூஸ் ஆனது. அதற்கு ரெண்டு வருஷம் கழித்து, 2018-ல், டி.ஜே-க்களின் செல்லமான ஷூர் கம்பெனி கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியது. வினைல் விற்பனை ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்! சுற்றுகிற தட்டு போட்டோவில் அழகாக விழும். ஊசி விழாது.

சூட்கேஸ் பிளேயரையே எடுத்துக்கலாம். அதில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், போனோ ப்ரீஆம்ப்பே தேவைப்படாது, விலை குறைவு. ஆனால், ஊசி பள்ளத்தை அழுத்தும் எடை பல மாடல்களில் 5 கிராமை ஒட்டி இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணவும் முடியாது. வி.எம்.95இ-க்குத் தேவை 2 கிராம். எடை கூடினால் பள்ளம் சீக்கிரம் தேயும். அதில் ப்ரீஆம்ப்பை மாற்றிப் பிரயோஜனமில்லை, மாற்ற இடமும் இல்லை. கார்ட்ரிட்ஜைக் கழற்றி மாற்றக்கூடிய, எடையைத் திருகி வைக்கக்கூடிய டர்ன்டேபிள்தான் குறைந்தபட்சத் தகுதி. ப்ளூடூத் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. சொல்லப்போனால், அனலாக் ரெக்கார்டை வாங்கி, அதை டிஜிட்டலாக்கி, அழுத்திச் சுருக்கி, காற்றில் அனுப்பிக் கேட்பதில் ஒரு காமெடி இருக்கு.

உள்ளேயே இருக்கும் ப்ரீஆம்ப் எல்லாம் குப்பை என்று சொல்வதையும் நம்பாதீங்க. கூடவே வரும் கார்ட்ரிட்ஜுக்கு அது சுமாராகவாவது பொருந்தும்படிதான் செய்திருப்பார்கள். இடையில் நீளக் கேபிளும் இல்லை. என்னைக் கேட்டால் முதல் செலவு ஊசிக்கு. வி.எம்.95 வரிசையில் பாடி ஒன்றுதான். உருண்டை முனை, நீள்வட்ட முனை, மைக்ரோலைன், ஷிபாட்டா என்று முன்பக்கத்தை மட்டும் மாற்றி மாற்றி ஏறிக்கொண்டே போகலாம். 2எம் ரெட் பாடியில் 2எம் ப்ளூ ஊசி உட்காரும். அடுத்த செலவு, கெப்பாசிட்டன்ஸும் மடங்கும் மாற்றக்கூடிய ஒரு தனி ப்ரீஆம்ப். இதற்கெல்லாம் முன்னால், ஊசியின் எடை பார்க்கும் குட்டி டிஜிட்டல் தராசு ஒன்று. பல பேர் வீட்டில் குறை அந்த எடையிலேயே இருக்கும். ஊசிக்கு ஆயுள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்; முனையின் வடிவத்தைப் பொறுத்து 300 மணி நேரத்திலிருந்து 1,000 மணி நேரம் வரை கம்பெனிகள் சொல்கின்றன.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு பிரச்னை, 'ம்ம்ம்' என்ற ஹம். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆர்.ஐ.ஏ.ஏ கர்வ் 50 ஹெர்ட்ஸை 17 டெசிபல், அதாவது சுமார் ஏழு மடங்கு கூட்டித் தரும். மில்லிவோல்ட் சிக்னலில் மெயின்ஸ் சத்தம் துளி கலந்தாலும் ப்ரீஆம்ப் அதை விருந்து வைத்து வளர்க்கும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய பச்சை அல்லது கறுப்பு எர்த் வயரை ப்ரீஆம்ப்பின் திருகில் கட்டணும். சும்மா தொங்க விடக் கூடாது. ப்ரீஆம்ப்பை வைஃபை ரௌட்டர், அடாப்டர், ஸ்பைக் பஸ்டர் பக்கத்தில் வைக்காதீங்க. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து ரெண்டு பின் போர்டில் சொருகும் பழக்கம் இருந்தால் அது ஹம் பிரச்னை மட்டுமில்லை, ஷாக் பிரச்னையும்கூட.

புது ரெக்கார்டு கெட்டால் காசு போச்சு என்று இன்னொன்று வாங்கலாம். சரிகம மறுபடி வினைல் விடுகிறது. மும்பையில் புதிதாக ரெக்கார்டு அச்சடிக்கும் ஆலையும் வந்திருக்கிறது. ஆனால் பரணில் கிடக்கும் பழசு? எச்.எம்.வி, இன்ரிகோ, எக்கோ லேபிள்களில் வந்த எம்.எஸ்.வி, இளையராஜா எல்.பி-க்கள் பல வீடுகளில் இன்னும் அட்டைக்குள் தூங்குகின்றன. எச்.எம்.வி தட்டுகள் கொல்கத்தா பக்கத்து டம்டம் ஆலையில் அச்சான காலம் அது. அதில் பலவற்றை யாரும் திரும்ப அச்சடிக்கப் போவதில்லை. சூட்கேஸ் பிளேயரில் ரீல் எடுக்கத் தாத்தாவின் தட்டைப் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிங்க. முதலில் தூசியைத் துடைத்து, தேயாத ஊசியில், சரியான எடையில் ஓட்டுங்க. நல்ல செட்டப்பில் ஓடும்போதே ஒரு தடவை டிஜிட்டலாகப் பதிந்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கையில் எடுத்த தட்டு கனமாக, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் கொடுத்தால் அது வினைலே இல்லை. ஷெல்லாக், நிமிஷத்துக்கு 78 சுற்று. கீழே விழுந்தால் அப்பளம். பள்ளம் அகலமானது, எல்.பி-யின் ஊசி முனை 18 மைக்ரானை ஒட்டியது என்றால் இதற்கு வேண்டியது 65 மைக்ரானை ஒட்டியது. எல்.பி ஊசி அந்தப் பள்ளத்தின் அடியில் போய்க் குப்பையைத்தான் வாசிக்கும். 1954-க்கு முந்தைய தட்டுகளில் ஆர்.ஐ.ஏ.ஏ கர்வும் கிடையாது, கம்பெனிக்கு ஒரு அளவு வைத்திருந்தார்கள். அதனால் சாதா ப்ரீஆம்ப்பில் போட்டால் டோன் கொஞ்சம் தள்ளித்தான் வரும். ஆம்ப்பின் பேஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருகிச் சரிசெய்யலாம். வி.எம்.95 பாடியிலேயே மாட்டுகிற மாதிரி 78-க்கென்று எஸ்.பி என்ற தடித்த ஊசி தனியாகக் கிடைக்கிறது. அதற்கு எடையும் வேறு, சீட்டில் பார்த்துத் திருகி வைக்கணும். கேட்டு முடித்ததும் மறக்காமல் அதைக் கழற்றிவிடுங்க. அந்த முனை எல்.பி மேல் இறங்கினால் பள்ளத்துக்குள் போகாது, மேல்விளிம்பை நசுக்கிக்கொண்டே ஓடும்.